ஒன்று கூட்டும் வரி

“அழகாத்தான் எழுதியிருக்கா. ஓடத்தான் மாட்டேங்குது.”

தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்ற இருவரில் எவன் அதைச் சொன்னான் என்று மாரீஸ்வரிக்குத் தெரியவில்லை. இரண்டு முதுகுகள்தான் தெரிந்தன, இரண்டுமே பக்கத்து அணியின் முதுகுகள். “நாலு மணி மீட்டிங்ல தூக்கிருவாங்கடா. பழசையே திரும்பப் போட்டுருவாங்க,” என்றது இன்னொரு முதுகு. முதல் முதுகு சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது; ஓடி வந்தும் பஸ்ஸைத் தவறவிட்டவரைப் பார்த்து வருமே, அந்த மாதிரிச் சிரிப்பு. ஆனாலும் அவள் கையிலிருந்த பாட்டிலை நிரப்பாமலே திரும்பிவிட்டாள். நிரப்பியிருக்கலாம். “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா” என்று கேட்டிருந்தால் போதும். மூன்று சொல்கூட இல்லை, இரண்டே சொல். ஷமீமாவின் பெயரை அவர்கள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. இந்த ஏழாவது மாடியில் ‘அழகாக எழுதியது’ என்றால் அது ஒன்றுதான். தாகம் அப்படியே இருந்தது. காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது அது காலி என்று எல்லோருக்கும் தெரிவதுபோல இருந்தது, துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். ஏன் மறைக்க வேண்டும் என்று தெரியவில்லை.

அவளுடைய திரையின் நெற்றியில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அந்த அறையின் வழக்கம் அது. ஒரு நிரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும்போது மஞ்சள் தாளை ஒட்டிவிட வேண்டும், அப்புறம் அந்தக் கணினியை யாரும் தொடக் கூடாது, ஒட்டியவரும்தான். மின்னஞ்சல் திறக்கக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, மவுஸைக்கூட நகர்த்தக் கூடாது, நகர்த்தினால் அந்த நகர்வும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பார்கள். வெளியாட்கள் பார்த்தால் ஏதோ துக்கம் என்று நினைப்பார்கள், ஒருத்தி கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பதை. இன்னொரு வழக்கமும் உண்டு, எழுதியவர் அளக்கக் கூடாது. தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ள முடியுமா என்று அணித் தலைவர் தயாளன் கேட்பார். அதனால்தான் ஷமீமா எழுதியதை அளக்கும் வேலை மாரீஸ்வரிக்கு வந்தது. அதனால்தான் ஷமீமா, அவளுக்கு நேர் பின்னால், முதுகுக்கு முதுகாக, இரண்டு நாற்காலி இடைவெளிகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தும், இந்த மூன்று நாளாக என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வழக்கத்தை மீறியதாகும். கேட்காமல் இருக்கிறவளின் முதுகு எப்படி இருக்கும் என்று மாரீஸ்வரிக்கு இப்போது நன்றாகத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே தெரியும். விசைப்பலகைச் சத்தம் வரும், நிற்கும், நிற்கும் இடம் கொஞ்சம் நீளும், மறுபடி வரும். இப்போது நின்றிருந்தது.

பஸ் டிக்கெட் விற்கும் நிரல் அது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே காலையில் ஒரே நிமிஷத்தில் போனை அழுத்துவார்கள், எந்த பஸ்ஸில் எந்த இருக்கை காலி என்று தேடிச் சொல்ல வேண்டும், ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுவிடவும் கூடாது. பழைய நிரல் மூச்சு வாங்கும். ஷமீமா எட்டு மாதம் உட்கார்ந்து அதை முதலிலிருந்து எழுதினாள், பழையதில் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில். ஒரே நிரலுக்குள் பல இழைகள், ஒரே கடையில் பல பணியாளர்கள் மாதிரி, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தான் பார்க்கும், எதுவும் எதற்காகவும் காத்திருக்காது. பழையதில் எங்கே பார்த்தாலும் பூட்டு: ஒருத்தர் உள்ளே போனால் மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டும். ஷமீமா பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அதைப் படிக்கும்போதெல்லாம் மாரீஸ்வரி வேகத்தைக் குறைத்துக்கொள்வாள், சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று. ஒரு வரியில் இருக்க வேண்டியது அந்த வரியிலேயே இருக்கும். பெயர்கள் சின்னவை. விளக்கக் குறிப்பு என்று ஒன்றுகூட இல்லை, எட்டு மாத வேலையில் ஒரே ஒரு குறிப்புகூட இல்லை. நிரலே சொல்லாததைக் குறிப்பு சொல்லப்போகிறதா என்று ஷமீமா ஒரு கூட்டத்தில் கேட்டாளாம். சிறிய கணினியில் அது பறந்தது. தீபாவளிக்கென்று பெரிய கணினி வாங்கி அதில் போட்டார்கள், அங்கேதான் வந்தது வினை. இரண்டு இழை ஓடினால் கொஞ்சம் வேகம். நான்கு ஓடினால் வேகம் குறைந்தது. எட்டு ஓடினால் ஒன்றே ஒன்று ஓடியதைவிட மெதுவாகப் போனது. ஆள் சேர்க்கச் சேர்க்க வேலை நடக்காத கல்யாண வீடு மாதிரி. இன்று நாலு மணிக்குள் காரணம் தெரியாவிட்டால் பழையதையே போட்டுவிட்டு, எட்டு மாதத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

திரையில் முதல் வரி விழுந்தது. ஒரு இழை. அதற்கு எதிரே, நொடிக்கு எத்தனை தேடல் என்று ஓர் எண். அவள் அதைப் படித்தாள், படித்ததில் ஒன்றுமில்லை, ஒரு இழை தனியாக எப்போதுமே ஒழுங்காகத்தான் ஓடும். தனியாக இருக்கும்போது யார்தான் ஒழுங்காக இல்லை. விடுதி அறையில் கண்ணாடி முன்னால் நின்று அவள் எத்தனை மீட்டிங்குகளில் பேசியிருக்கிறாள். ‘தயாளன், எனக்கு ஒண்ணு தோணுது’ என்று ஆரம்பித்து, நடுவில் யாரும் குறுக்கே வராமல், முடிவு வரைக்கும். நிஜ மீட்டிங்கில் ‘எனக்கு’ என்பதற்குள்ளாகவே இன்னொருத்தர் குரல் மேலே ஏறிவிடும், அவள் வாயை மூடி, மூடியதை மறைக்கத் தலையை ஆட்டுவாள். “சொல்லு மாரி, ஏதோ சொல்ல வந்தியே.” “ஒண்ணுமில்ல சார்.” வந்த முதல் நாளே தயாளன் பெயரை மாரி என்று நறுக்கிவிட்டார், அன்போடுதான், அடையாள அட்டையில் மட்டும் முழுசாக இருக்கிறது. கோவில்பட்டியில் ஈஸ்வரி, இங்கே மாரி; முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் கல்லூரியில் வருகைப் பதிவு எடுத்த மேடமாகத்தான் இருக்கும். ஷமீமா அவளை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. அவளும் ஷமீமாவை எப்படியும் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை, நாலு வயது மூத்தவள். அக்கா என்றால் இந்த ஆபீசில் சிரிப்பார்கள். மேடம் என்றால் ஷமீமாவே சிரிப்பாள். எனவே ஒன்றரை வருஷமாக, பேச வேண்டியிருந்தால் அவள் பார்வை படுகிற இடத்தில் போய் நின்றுகொள்வாள்.

ஆனால் பார்த்திருக்கிறாள். பார்ப்பதற்குக் குரல் வேண்டாம். எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் ஷமீமா மேசைமேல் விரலால் பெட்டி பெட்டியாகக் கோடு போடுவாள், தடமே இல்லாத கோடு, அப்புறம் உள்ளங்கையால் அதை அழிப்பாள். அழிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. முக்காட்டின் ஊசியைக் கழற்றி மறுபடி குத்தினாள் என்றால் கஷ்டமான இடத்துக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். முந்தாநாள் எழுதியதை இன்றைக்குப் பக்கம் பக்கமாக நீக்குவாள், முகத்தில் வருத்தமே இருக்காது, சோற்றில் கல் பொறுக்குகிற முகம்தான். மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள், “இது எதுக்கு?” கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். பதில் சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் தானே நிறுத்தி, “சரி, வேண்டாம், எடுத்துடறேன்” என்பான். அந்தக் கேள்வியில் குத்தலே இருக்காது, அதுதான் ஆச்சரியம். ஒருமுறை மாரீஸ்வரியின் வரியைக் காட்டியும் கேட்டாள். மாரீஸ்வரிக்குக் காரணம் தெரியும், நல்ல காரணம், ஆனால் சொல்ல வரவில்லை. எடுத்துடறேன் என்றாள். எடுத்ததும் ஒரு வாரம் கழித்து அது தேவைப்பட்டது, மறுபடி போட்டாள், ஷமீமா கவனித்தாளா என்று தெரியாது. கவனித்திருப்பாள். அவள் கவனிக்காத ஒன்று இருக்கிறதா என்ன. இருக்கிறது. அதுதானே இப்போது. மாரீஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே சதுப்பு நிலம் வெயிலில் தகரம்போல மினுங்கியது, அதில் வெள்ளைக் கொக்குகள், ஒன்றுக்கொன்று இடம் விட்டு நின்றிருந்தன.

இரண்டாவது வரி விழுந்தது. இரண்டு இழை. நல்ல எண்தான், ஆனால் இரண்டுக்கு முன்பும் நல்ல எண்தான் வந்தது, இரண்டை நம்ப முடியாது. நான்கு வரட்டும். அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். ப்ரொஃபைலர் என்கிற அந்த அளக்கும் கருவியை முதல்நாள் ஓட்டியபோது அவளுக்கு அது பிடித்துப்போயிற்று, கருவி என்பதையும் தாண்டி ஒரு மனுஷியைப் போல. அது யாரையும் குற்றம் சொல்வதில்லை. ஓடுகிற நிரலை ஒரு நொடியில் நூறு தடவை தோளைத் தொட்டு நிறுத்தி, ‘இப்போ எங்கே இருக்கே’ என்று மட்டும் கேட்கும், பதிலைக் குறித்துக்கொள்ளும், போ என்று விட்டுவிடும். கடைசியில் எந்த வரியின் பெயர் அதிகமாக வந்ததோ அங்கேதான் நேரம் போகிறது; படமாக வரைந்தால் அந்த வரிக்கு அகலமான பட்டை விழும். அவ்வளவுதான் ரகசியம். அவளையே அப்படி யாராவது நிறுத்தி நிறுத்திக் கேட்டால்? காலை பஸ்ஸில், இப்போ எங்கே இருக்கே: கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மீட்டிங்கில்: பேசலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் இயந்திரத்தின் முன்னால்: தள்ளிக்கிறீங்களா என்று கேட்கலாமா என்று. ஒரு நாளின் படத்தை வரைந்தால் ஒரே ஒரு அகலமான பட்டைதான் இருக்கும், அதன்மேல் எழுதியிருக்கும், கேட்கலாமா. முதல் கம்பெனி நேர்முகத்தில் இழை என்றால் என்ன என்று கேட்டார்கள், அவளுக்குத் தெரியும், அன்று காலைதான் தோழிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள், அங்கே மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது நீலம், ஒரு பேனாவுக்கு மூடி இல்லை. அந்தத் தோழிக்கு அந்த வேலை கிடைத்தது.

ஷமீமாவின் நிரலைப் படமாக வரைந்தபோதும் ஒரே ஒரு அகலமான பட்டைதான் வந்தது. அது நின்ற இடத்தைத்தான் நம்ப முடியவில்லை. ஒன்று கூட்டும் வரி. ஒவ்வோர் இழையும் தான் எத்தனை இருக்கைகளைப் பார்த்தது என்று எண்ணிக்கொண்டே போகும், ஓர் இருக்கையைப் பார்த்ததும் தன் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டும். கணினிக்கு அதைவிடச் சுலபமான வேலை இல்லை. “ஒண்ணு கூட்டறதுக்கா இவ்வளவு நேரம்?” என்றார் தயாளன், அவள் படத்தைக் காட்டியபோது. “டூல்ல ஏதோ தப்பு மாரி. திரும்ப ஓட்டிப் பாரு.” திரும்ப ஓட்டினாள், அதே வரி. மூன்றாவது தடவை ஓட்டும்போது தானே பொய் சொல்கிற மாதிரி இருந்தது, வகுப்பில் எல்லோரும் ஒரு விடை சொல்லும்போது தனியாக வேறு விடை எழுதிவிட்டு அழிரப்பரைத் தேடுகிற மாதிரி. ஏனென்றால் அதில் பூட்டு இல்லை. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒவ்வோர் இழைக்கும் தனி எண்ணிக்கை, கவுண்ட்டர் என்பார்கள், ஒன்றின் எண்ணிக்கையை இன்னொன்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, ஷமீமா அப்படித்தான் கவனமாகப் பிரித்திருந்தாள். பிரித்து, அழகாக, பக்கத்தில் பக்கத்தில், வரிசையாக அடுக்கியிருந்தாள். நேற்று மத்தியானம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் மாரீஸ்வரி, அதன் ஒழுங்கில் கண் வழுக்கிக்கொண்டே போனது, வழுக்கி வழுக்கிக் கடைசியில் அந்த ஒழுங்கிலேயே போய் இடித்தது. கணினி நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை மட்டும் தனியாக எடுக்காது. அக்கம்பக்கத்தோடு ஒரு கட்டாகத்தான் எடுக்கும். அந்தக் கட்டில் ஓர் இழை கை வைத்தால் மற்ற இழைகளிடம் இருக்கிற அதே கட்டு செல்லாமல் போய்விடும், அவை மறுபடி புதிதாக வாங்கிவர வேண்டும். பாடத்தில் படித்ததுதான். பரீட்சைக்கு எழுதியதும்தான். ஆனால் இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் அது அவளுக்குச் சொந்தமாகப் புரிந்தது.

அஞ்சறைப்பெட்டி. கோவில்பட்டியில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வாடகை வீட்டில், கீழே அம்மா அடுப்பு, மேலே சித்தி அடுப்பு. எல்லாவற்றையும் பிரித்தார்கள், அஞ்சறைப்பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை, பித்தளை, கல்யாணத்துக்கு வந்தது, யாருக்கு என்று முடிவாகவில்லை. அம்மாவுக்குக் கடுகு வேண்டும். சித்திக்குச் சீரகம் வேண்டும். அம்மா சீரகத்தைத் தொடமாட்டாள், சித்தி கடுகைத் தொடமாட்டாள், அதில் இரண்டு பேருக்கும் ரோஷம். ஆனால் கடுகை மட்டும் தனியாக மாடிக்குக் கொண்டுபோக முடியுமா, பெட்டிதான் போக வேண்டும். எண்ணெய் காய்ந்து புகைகிற நேரத்தில் பெட்டி எப்போதும் மற்ற அடுப்பில் இருக்கும். “உங்க அம்மா ஒரு தாளிப்புக்கு ஒரு மணி நேரமா வச்சிருப்பா?” என்பாள் சித்தி. “மேல என்ன விருந்தா நடக்குது, பெட்டி இறங்கவே மாட்டேங்குது,” என்பாள் அம்மா. இருவருமே கைவேகக்காரிகள். இரண்டு பேரும் சாகும்வரை மற்றவளைச் சோம்பேறி என்றுதான் நினைப்பார்கள், இன்றும் நினைக்கிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கியவள் மாரீஸ்வரிதான், மூடி இடறும், மஞ்சள்தூள் பாவாடையில் கொட்டும். அந்தப் படிகளில் போன நேரத்தை அந்த வீட்டில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அது அடுப்பிலும் இல்லை, கையிலும் இல்லை. நடுவில் இருந்தது.

மூன்றாவது வரி. நான்கு இழை. அவள் உடனே படிக்கவில்லை. கையால் திரையின் அந்த மூலையை மறைத்துக்கொண்டாள், தொடாமல், காற்றில். மறைத்துவிட்டு, சரியாக இருந்துவிட்டால் என்று நினைத்தாள். தப்பாக இருந்தால் என்பது பழகின பயம், அதற்கு வழி தெரியும், ஒண்ணுமில்ல சார். சரியாக இருந்துவிட்டால்தான் வழி தெரியவில்லை. சரியாக இருந்தால் நாலு மணிக்கு ஒருத்தி வாய் திறந்து சொல்ல வேண்டும், ஷமீமா எட்டு மாதம் எழுதியதில் தப்பு இது, பூட்டு இல்லை, கஷ்டமான இடம் இல்லை, முதல் வருஷப் பாடத்தில் வருகிற சமாச்சாரம், பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள். தண்ணீர் இயந்திரத்தின் முன்னால் முதுகுகள் சொல்லும், இவ்வளவுதானா? பெரிய ஆளுன்னாங்க. அந்தச் சிரிப்பை இவளே கையில் எடுத்துக் கொடுத்தமாதிரி ஆகும். கணினிமேல் பழியைப் போட்டுவிடலாமா, புதுக் கணினியின் குணம் என்று. பாதி உண்மைதானே. மெயிலில் எழுதி அனுப்பிவிடலாமா, யாரும் முகத்தைப் பார்க்க வேண்டாம். இன்னொன்றும் நடந்தது மனதில், அதை அவள் பார்த்துவிட்டாள்: ஷமீமா நாற்காலியைத் திருப்பி, நீயா கண்டுபிடிச்சே, என்று கேட்கிறாள், கண் அகல. அந்தக் காட்சியை இந்த அரை மணியில் எத்தனை தடவை ஓட்டியிருக்கிறாள். கருவி வைத்து நிறுத்திக் கேட்டிருந்தால் அதுதான் அகலமான பட்டையாக வந்திருக்கும். வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், அந்தக் கோப்பில் கை வைத்தது. இதுவரை ஷமீமாவைத் தவிர யாரும் அதில் ஓர் எழுத்தை மாற்றியதில்லை. நேற்று சாயங்காலம் அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் மாரீஸ்வரி அதன் பிரதியைத் திறந்து, எண்ணிக்கைக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் வெறும் இடத்தைச் செருகினாள். எதற்கும் பயன்படாத இடம். யாரும் எழுதப்போவதும் இல்லை, படிக்கப்போவதும் இல்லை, சும்மா கிடக்கும், பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காத தூரத்துக்கு. அந்த அழகான வரிசை பல் விழுந்த வாய்மாதிரி ஆயிற்று. ஏன் இந்த இடம் என்று மேலே ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று விரல் போனது. குறிப்பே இல்லாத கோப்பில் முதல் குறிப்பை எழுத நீ யார் என்று விரல் திரும்பியது.

கையை எடுத்தாள். நான்கு இழையின் எண், இரண்டின் எண்ணைப்போல இரண்டு மடங்கு. மறுபடி படித்தாள், இலக்கங்களைத் தனித்தனியாக. பின்னால் விசைப்பலகைச் சத்தம் இல்லை. இது தற்செயலாக இருக்கலாம். எட்டு வரட்டும். அவள் காலை நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டாள், சின்ன வயசில் படியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த மாதிரி, மேலேயிருந்தும் கூப்பிடுவார்கள், கீழேயிருந்தும் கூப்பிடுவார்கள். எட்டு வந்தது. எட்டின் எண், ஒன்றின் எண்ணைப்போல எட்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. தண்ணீர் குடிக்க வேண்டும்போல இருந்தது. பாட்டில் காலி. இந்த நிரல் இப்படித்தான் ஓடப் பிறந்தது என்று தோன்றியது. எழுதியவள் இதை இந்த வேகத்தில்தான் மனதில் பார்த்திருப்பாள், விரலால் கோடு போட்டபோதே. எட்டு மாதமாக எதுவும் எதற்காகவும் காத்திருக்காத ஓர் இடத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அது நிஜமாகவே இருந்தது, நடுவில் கொஞ்சம் காற்று மட்டும்தான் தேவைப்பட்டது. தப்பைத் தேடப் போனவளுக்கு, மீதி எல்லாம் எவ்வளவு சரி என்பதுதான் கண்ணில் பட்டது. இதை எப்படிச் சொல்வது. இதைச் சொல்லத்தான் வாய் வேண்டும். பதினாறு இழையின் வரி விழுந்தது, அதற்குக் கீழே முடிந்தது என்று ஒரு சொல், ‘முடிந்தது’க்குக் கீழே மின்னிக்கொண்டே ஒரு சின்னக் கட்டம், அடுத்து என்ன என்று கேட்பதுபோல.

மஞ்சள் தாளைப் பிய்த்தாள். டேப் உரிகிற சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பின்னால் நாற்காலிச் சக்கரம் உருண்டது. தாள் எடுத்துவிட்டால் பார்க்கலாம், அதுவும் வழக்கம்தான்.

கூப்பிட ஒரு சொல் இல்லாததால் மாரீஸ்வரி தன் நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள். நகர்ந்த இடத்தில் ஷமீமா வந்து நின்றாள், குனிந்தாள். எண்களைப் பார்த்தாள். கீழிருந்து மேலே ஒருமுறை, மேலிருந்து கீழே ஒருமுறை. பிறகு பக்கத்தில் திறந்திருந்த கோப்பைப் பார்த்தாள். கை முக்காட்டின் ஊசிக்குப் போனது.

“இது எதுக்கு?” என்றாள், வெறும் இடத்தைக் காட்டி.

எடுத்துடறேன் என்ற சொல் மாரீஸ்வரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

“உங்க கவுண்ட்டர் எல்லாம் தனித்தனிதான். ஆனா பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அஞ்சறைப்பெட்டி மாதிரி. எனக்குக் கடுகு வேணும், உங்களுக்குச் சீரகம் வேணும். நான் உங்க சீரகத்தைத் தொடலை. ஆனா பெட்டியையே தூக்கிட்டுப் போயிடறேன்.” குரல் பாதியில் இறங்கிவிட்டது. யாரும் குறுக்கே வரவில்லை. “நீங்க பெட்டி வர்ற வரைக்கும் நிக்கிறீங்க. அதனால பெட்டியைப் பிரிச்சுட்டேன்.”

ஷமீமாவின் விரல் மேசைமேல் ஒரு பெட்டி வரைந்தது, தள்ளி இன்னொரு பெட்டி. உள்ளங்கையால் அழிக்கவில்லை.

“என்ன மாரி, முடிஞ்சுதா? நாலாகப் போகுது, எல்லாரும் உள்ள உக்காந்துட்டாங்க,” என்று வந்தார் தயாளன், இருவரையும் பார்த்து நின்றார். “என்ன?”

“நான் கவுண்ட்டரை வரிசையா அடுக்கிட்டேன் தயாளன்,” என்றாள் ஷமீமா. ஊர் விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். “அதான் தப்பு. சின்ன மெஷின்ல தெரியல, பெருசுல தெரிஞ்சுது. இவங்க பிரிச்சு வெச்சிருக்காங்க. நம்பரைப் பாருங்க.”

தயாளன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “பதினாறுக்கா இது? அட. இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்,” என்றாள் ஷமீமா. “மூணு நாளா ஒண்ணு கூட்டற வரிதான்னு இவங்க சொல்லிட்டிருந்தது பின்னால எனக்கும் கேட்டுது. நீங்கதான் டூல் தப்புன்னீங்க.”

“சொன்னேன், சொன்னேன். வெளிய விட்டுடாத.” அவர் சிரித்தார். பிறகு கோப்பைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். “ஆனா இந்தக் காலி இடம் பார்க்க ஒரு மாதிரி இருக்கே. ஆறு மாசம் கழிச்சு எவனாவது க்ளீன் பண்றேன்னு உக்காந்து, தேவையில்லாததுன்னு எடுத்துடுவான். அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து.”

“எடுப்பான்,” என்றாள் ஷமீமா.

அவள் மாரீஸ்வரியின் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நின்றபடியே, கோப்பில் அந்த வெறும் இடத்துக்கு மேலே ஒரு வரி எழுதிச் சேமித்தாள்: இந்த இடம் காலியாகவே இருக்கட்டும். எடுப்பதற்கு முன் மாரீஸ்வரியைக் கேட்கவும்.